எமர்சன் டெனண்டின் கணக்கும் புத்தளத்து யானையும்

இலங்கையில் யானையின் உழைப்பைப் பற்றி எழுதுவோர் இன்றும் ஜேம்ஸ் எமர்சன் டெனண்டிடமிருந்தே தொடங்குகிறார்கள். 1845 முதல் 1850 வரை குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர் அவர். 1859இல் வெளியான தம் நூலில், வேலை யானை மென்மையான உடம்புள்ளது, ஓயாத கவனிப்பு வேண்டுவது என்றார். முதுகில் பாரம் ஏற்றினால் தோல் புண்ணாகும், சேணம் உராயும், பராமரிப்புச் செலவைப் பார்த்தால் குதிரையே கட்டுப்படியாகும். வீதிகள் பெருக யானை வேலையிலிருந்து ஒதுங்கியது என்ற பொதுக் கருத்துக்கு இந்தக் கணக்கு நல்ல துணை.

டெனண்ட் கண்ணால் கண்டதில் எனக்கு ஐயமில்லை. அவர் எதை அளந்தார் என்பதில்தான் வேறுபடுகிறேன். எவ்வளவு பாரம், எவ்வளவு தூரம், என்ன செலவு என்பவை வீதி இருக்கும் இடத்துக்குரிய கேள்விகள். சக்கரம் மண்ணில் இறங்கி நின்றுவிட்டால் தேவைப்படுவது சில கெஜ தூர இழுவை மட்டுமே. அந்த வேலைக்கு அவர் கணக்கில் இடமில்லை.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு புத்தளத்தில் ‘ராஜாலிய’ என்ற தளத்தை நடத்தியது. அங்கே ஒரு யானை கோர்செயர் போர் விமானத்தை இழுக்கும் படமே என் முதன்மைச் சான்று. கோர்செயர் வெறுமையாகவே 4 டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதன் எஞ்சின் ஏறத்தாழ 2000 குதிரைவலு. படத்தின் காலத்தை விமானமே ஓரளவு வரையறுக்கிறது. இலஸ்ட்ரியஸ் விமானந்தாங்கிக் கப்பல் கோர்செயர்களோடு திருகோணமலையை அடைந்தது 1944 ஜனவரி இறுதியில். ஆகவே படம் அதற்கு முற்பட்டதாக இருப்பது அரிது. மாதம் குறிக்க நான் துணியவில்லை. வால்ரஸ் விமானத்தை யானை இழுக்கும் இன்னொரு படமும் உண்டு. அதன் குறிப்பு ‘இந்தியா’ என்கிறது. இரண்டையும் புத்தளத்துக்கே சேர்த்துவிட்டால் என் வாதம் வலுக்கும். ஆனால் குறிப்பைப் புறக்கணிக்கக் காரணமில்லை.

படம் காட்டுவது இழுவையை. புதைந்த விமானத்தின் மீட்பை அன்று. விளம்பரத்துக்காக எடுத்த வேடிக்கைப் படம் என்று ஒருவர் தள்ளிவிடலாம். வேடிக்கைக்காகவே எடுத்திருந்தாலும், 4 டன் விமானத்தை யானை அசைக்க வேண்டுமானால் அது இழுக்கப் பழகியிருக்க வேண்டும், பாகனும் வேண்டும். ஓடுபாதையில் விமானத்தை நகர்த்தச் சில ஆட்களோ ஒரு லொறியோ போதும். பாதையை விட்டு விலகினால் நிலைமை வேறு. புத்தளத்தை அடுத்த பாலாவிப் பக்கம் களப்பும் உப்பளமும் சூழ்ந்த நிலம். மாரி மழையில் அங்கே லொறிச் சக்கரமும் சேர்ந்தே இறங்கும். யானையின் அகன்ற பாதம் பாரத்தைப் பரப்பும். அது உடம்பைச் சாய்த்து ஒரே சீராக இழுக்கும். வெட்டி இழுத்தால் விமானத்தின் சக்கரக்கால் முறியக்கூடும் என்பதால் இந்தச் சீர்மை முக்கியம்.

சேற்றில் புதைந்த போர்த்தாங்கியின் மீட்பிலும் சிக்கல் இதுவே. அடிவயிறு தரையில் படியுமாறு புதைந்த தாங்கியை இழுக்கப் போகும் வண்டியும் புதையலாம். அதனால் மீட்புக் குழுவினர் உறுதியான நிலத்தில் வண்டியை நங்கூரமிட்டு, வின்ச்சும் கப்பியும் கொண்டு மெல்ல இழுப்பார்கள். பழுதான வண்டிகளை மீட்டுத் திருத்துவதற்கென்றே ஒரு தனிப் படைப்பிரிவைப் பிரித்தானியா 1942 ஒக்டோபரில் அமைத்தது. பர்மாவில் ஜே. எச். வில்லியம்ஸின் யானைகள் பிரித்தானியாவின் 14ஆம் படைக்குப் பாலமரம் இழுத்ததும் இதே போரில்தான்.

ஆகவே புத்தளத்து யானையைப் பழங்காலத்தின் எச்சம் என்று கொள்ள இயலவில்லை. கனரக இயந்திரம் வந்ததால் அதற்கு மறுபடி வேலை வந்தது என்பதே என் வாசிப்பு. ஒரு படத்தை வைத்து இதை வழக்கம் என்று நிறுவ முடியாது; வாய்ப்பு என்றே வைக்கிறேன். யானையின் இந்த வேலைக்கு முடிவாண்டாக 1945ஐக் குறிப்பதும் வசதிக்காகவே. போர் அவ்வாண்டு ஓய்ந்தது. கரையோரச் சேற்றில் யானை இழுப்பதும் அன்றே ஓய்ந்தது என்று அந்த ஆண்டெண் மட்டும் சொல்லிவிடாது.