பாடக்குறிப்பேட்டு ஒப்பமும் பழைய கேள்வியும்

ஆசிரியர் எழுதும் பாடக்குறிப்பேட்டில் தலைமையாசிரியர் ஒப்பமிடுவது, தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே பென்னாகரத்திலும் பள்ளி வழக்கம். இக்கண்காணிப்பின் வேரைத் தேடினால் நாம் 1854க்குச் செல்ல வேண்டும். பென்னாகரம் சேலம் மாவட்டத்தில் இருந்த காலம் அது. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். மாகாணந்தோறும் கல்வித்துறையும் பள்ளி ஆய்வாளர்களும் வேண்டும் என்றது 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை.

அடுத்து வந்தது தேர்ச்சிக்கேற்ற மானியம். ஆய்வாளர் மாணவரைச் சோதிப்பார். தேறியவர் தொகைக்கேற்பப் பள்ளிக்குப் பணம். இங்கிலாந்தில் 1862இல் இம்முறை புகுந்தபோது, பள்ளி ஆய்வாளராகவே பணியாற்றிய கவிஞர் மேத்யூ ஆர்னால்டு எதிர்த்தார். கற்பித்தல் இயந்திரத்தனமாகும் என்று அஞ்சினார். சென்னை மாகாணத்திலும் பரவிய அம்முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கைவிடப்பட்டது.

நிர்வாகத்தையும் மேற்பார்வையையும் பிரித்து, மேற்பார்வையை வழிகாட்டலாக்கச் சொன்னது கோத்தாரி குழு (1964–66). ஆயினும் பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தலைமையாசிரியர் எதிர்கொள்வது அந்தப் பழைய கேள்வியையே: எத்தனை பேர் தேறினர்? எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பதை அறிய, அவர் ஒரு பாடவேளை முழுதும் கடைசி இருக்கையில் அமர்ந்து கேட்க வேண்டும். பின்னர் ஆசிரியரோடு தனியே உரையாட வேண்டும். குறிப்பேட்டு ஒப்பம் அதற்கு ஈடாகாது என்றே நாம் கருதுகிறோம்.