சுஜாதாவின் அறிவியல் சிறுகதைகளும் வாசகர் கருத்தும்: வடசென்னையிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

தமிழில் அறிவியல் புனைகதை என்றதும் பெரும்பாலோர் சொல்லும் முதற்பெயர் சுஜாதா. இயற்பெயர் எஸ். ரங்கராஜன் (3 மே 1935 – 27 பிப்ரவரி 2008). அவருடைய அறிவியல் சிறுகதைகள் 'விஞ்ஞானச் சிறுகதைகள்' என்ற தலைப்பில் உயிர்மை பதிப்பகத்தால் தொகுக்கப்பட்டுள்ளன. இக்கதைகளைப் பற்றித் திறனாய்வாளர்கள் எழுதியவை நூல்களில் கிடைக்கின்றன. வார இதழை இரண்டு கைமாற்றி வாங்கிப் படித்த சாதாரண வாசகர் என்ன நினைத்தார் என்பது எந்த நூலிலும் முழுமையாக இல்லை. அது வாசகர் கடிதப் பகுதிகளிலும், கேள்வி-பதில் பக்கங்களிலும், நூலகப் புத்தகங்களின் ஓரங்களிலும் சிதறிக் கிடக்கிறது. அந்தச் சிதறல்களைப் பற்றியது இக்கட்டுரை. நான் ஆசிரியப் பணி செய்ததும் இன்று வசிப்பதும் திருவொற்றியூர்ப் பக்கம் என்பதால், இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வாசிப்பே இதில் மிகுதியாக வரும்.

பின்னணி

சுஜாதா திருவல்லிக்கேணியில் பிறந்து திருவரங்கத்தில் வளர்ந்தவர். திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் படித்தார். விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றியபின் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளரானார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1962-இல் குமுதத்தில் 'இடது ஓரத்தில்' என்ற கதை வெளிவந்தது. அதே இதழில் ரா. கி. ரங்கராஜன் எழுதிக்கொண்டிருந்ததால் பெயர்க் குழப்பம் நேராதிருக்க மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். கணையாழியில் 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்ற பெயரில் கடைசிப் பக்கம் எழுதியவரும் இவரே.

இவருக்கு முன்பு தமிழில் அறிவியலை மக்களிடம் கொண்டுசென்றவர்கள் பெ. நா. அப்புசாமி போன்ற கட்டுரையாளர்கள். அவர்கள் எழுத்தில் ஆசிரியரின் பொறுமை இருந்தது. சுஜாதாவின் கதையில் அது இல்லை. கருவி எப்படி இயங்குகிறது என்று நின்று விளக்கமாட்டார். அது வெகுநாளாக வீட்டில் இருக்கும் சாமான் போல அதைக் கடந்து போய்விடுவார். வாசகர் கருத்து இரண்டாகப் பிரிந்ததற்கு இதுவே முதற் காரணம் என்பது என் எண்ணம். ஒரு சாரார் "விளக்காமல் விட்டதுதான் சுகம்" என்றனர். மற்றொரு சாரார் "புரியவில்லை" என்றனர். புரியவில்லை என்றவர்களும் அடுத்த வாரம் படித்தார்கள் என்பது வேறு விஷயம்.

கடிதங்கள்

அமெரிக்காவில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926-இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே வெளிவந்த முதல் ஆங்கில இதழ் அது. அதன் கடிதப் பகுதியில் வாசகர்களின் முழு முகவரியும் அச்சானது. ஒரு கடிதத்தைப் படித்த இன்னொருவர் நேராக அவருக்கே எழுதினார். பிறகு சந்தித்தார்கள், சங்கம் வைத்தார்கள், அவர்களிலிருந்தே அடுத்த தலைமுறை எழுத்தாளர்கள் வந்தார்கள்.

தமிழ் வார இதழ்களில் கடிதத்தின் கீழே பெயரும் ஊரும் மட்டுமே இருக்கும். இன்னார், திருவொற்றியூர். அவ்வளவுதான். கடிதமும் இரண்டு மூன்று வரிக்குள் சுருக்கப்பட்டிருக்கும். இராயபுரத்தில் ஒரே கதையைப் பற்றி எழுதிய இருவர் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தும் ஒருவரையொருவர் அறியாமல் இருந்திருக்கலாம். தமிழில் அறிவியல் புனைகதைக்கு வாசகர் ஏராளம், வாசகர் இயக்கம் மட்டும் இல்லை என்ற நிலைக்கு இந்தச் சிறிய அச்சு வழக்கமும் ஒரு காரணமாக எனக்குப் படுகிறது.

ஆனால் வாசகர் கருத்துக்குப் பலமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1857 கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்டு சுஜாதா குமுதத்தில் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' தொடர் எதிர்ப்பின் காரணமாக நிறுத்தப்பட்டது. பின்னர் அதே களத்தில் 'ரத்தம் ஒரே நிறம்' எழுதினார். அது அறிவியல் கதை அல்ல என்றாலும், வார இதழ் எழுத்தாளர் வாசகரின் கோபத்துக்கு எவ்வளவு அருகில் இருந்தார் என்பதற்குச் சான்று. அறிவியல் கதைகளுக்கு அத்தகைய எதிர்ப்பு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எதிர்காலத்தில் யாருடைய சாதியும் புண்படவில்லை போலும்.

கேள்விகளும் வந்தன. ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' பகுதியில் வாசகர் கேட்ட அறிவியல் ஐயங்களுக்குச் சுஜாதா விடை எழுதினார். கதையில் விளக்காததை இங்கே விளக்கினார். கதையையும் இந்தப் பகுதியையும் சேர்த்துப் படித்தவர்களுக்கே முழுச் சுஜாதா கிடைத்தார். அறிவியல் பரப்பும் பணிக்காக 1993-இல் நடுவண் அரசின் தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தொடர்புக் குழுமத்தின் விருதும் அவருக்கு வழங்கப்பட்டது.

தொடர்கதை பிழைத்தது, சிறுகதை சுண்டல் பொட்டலமானது

ஒரு நடைமுறைச் செய்தியை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைய வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்யும் வழக்கம் இருந்தது. வாடகை நூலகங்களிலும் அப்படிப்பட்ட பைண்டுகள் கிடைக்கும். 'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது; அது எங்கள் பகுதியில் பைண்டாகவே பல கைகள் மாறியது. பிறகு தூர்தர்ஷனிலும் வந்தது. நிலா, ஜீவா, ஜீனோ என்ற இயந்திர நாய் ஆகிய பெயர்களைப் படிக்காதவர்களும் அறிந்திருந்தார்கள். ஜீனோ மனிதரைப் போலவே புத்தகம் படிக்கும், தர்க்கம் பேசும். பிள்ளைகளுக்குக் கதாநாயகியை விட அந்த நாயைத்தான் பிடித்திருந்தது.

சிறுகதைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நான்கு பக்கத்தை யார் பைண்டு செய்வார்? அடுத்த மாதம் இதழ் பழைய பேப்பர் கடைக்குப் போகும். அங்கிருந்து பொட்டலமாகக் கடற்கரைக்குப் போகும். அதனால் சிறுகதைகளைப் பற்றிய வாசகர் கருத்து பெரும்பாலும் நினைவிலிருந்து பேசப்பட்டது. தலைப்பு மறந்திருக்கும், முடிவு மட்டும் நினைவிருக்கும். "அந்தக் கடைசி வரிக் கதை" என்றே பேசுவார்கள். சுஜாதா கடைசி வரியில் திருப்பம் வைப்பவர் என்ற பெயர் இப்படித்தான் தேவைக்கு மேல் நிலைத்தது என்று நினைக்கிறேன். தொகுப்பாகச் சேர்ந்து படிக்கும்போது கடைசி வரியை நம்பாத கதைகளும் பல இருப்பது தெரிகிறது.

இயந்திரத்தோடு வேலை செய்தவர்கள்

வடசென்னை வாசகரின் தனித்தன்மை இங்கேதான் வருகிறது. எண்ணூரில் அசோக் லேலண்டு, அனல்மின் நிலையம், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு, விம்கோ தீப்பெட்டி ஆலை. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. தெற்கே துறைமுகம். சங்கு ஊதினால் ஷிஃப்டு மாறும். கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் வார இதழ் பிரிக்கப்பட்டு, அட்டை ஒருவரிடமும் நடுப்பக்கம் இன்னொருவரிடமுமாகப் போகும். இயந்திரத்தை நாள் முழுதும் தொட்டுக்கொண்டிருந்தவர்கள் இயந்திரக் கதை படித்தார்கள்.

அவர்கள் சொன்னதில் எனக்கு மறக்காத ஒன்று. 1987 வாக்கில் என் மாணவன் ஒருவனின் தந்தை, ஆலையில் ஃபிட்டர், என்னிடம் சொன்னார்: "சார், இவர் கதையில மிஷின் பேசுது, யோசிக்குது, எல்லாம் சரி. ஆனா எண்ணெய் போடுறவன் ஒருத்தனும் வரமாட்டேங்கிறான்." எந்தத் திறனாய்வுக் கட்டுரையிலும் இவ்வளவு சரியான குறையை நான் படித்ததில்லை. சுஜாதாவின் எதிர்காலத்தில் அதிகாரிகள் உண்டு, பொறியாளர்கள் உண்டு, காதலர்கள் உண்டு. பராமரிப்பு வேலை செய்பவர் அபூர்வம்.

துறைமுகத்தில் வேலை செய்த குடும்பங்களில் கருத்து இன்னும் கூர்மையாக இருந்தது. 1983 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் தொடங்கப்பட்டது. மூட்டை மூட்டையாகப் பலர் இறக்கிய சரக்கைப் பெட்டியோடு கிரேன் தூக்கியது. அதே ஆண்டுதான் வங்கித் தொழிற்சங்கங்களுக்கும் வங்கிகளுக்கும் இடையே கணினி பற்றிய உடன்படிக்கையும் ஏற்பட்டது. வேலை போகுமா என்ற பேச்சு வீட்டுக்கு வீடு. இந்த நேரத்தில் வந்த ரோபோக் கதையை இராயபுரத்தில் ஒருவர் படிப்பதும் மயிலாப்பூரில் ஒருவர் படிப்பதும் ஒன்றல்ல. ஒருவருக்கு அது வேடிக்கை. மற்றவருக்கு அறிவிப்புப் பலகை.

'ரோபோ' என்ற சொல்லின் பிறப்பையும் இங்கே நினைவுகூரலாம். செக் எழுத்தாளர் காரல் சாபெக்கின் 1920-ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து உலகெங்கும் பரவிய சொல் அது. செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' என்ற சொல்லும் கூலியில்லா உழைப்பையே குறிக்கும். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பெண் எழுந்து, "அப்ப ரோபோவுக்கு வெட்டியான்னு பேர் வைக்கலாமா சார்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சரியாகத்தான் கேட்டாள்.

நூலகப் புத்தகத்தின் ஓரம்

பொது நூலகச் சட்டத்தை விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் இயற்றியது சென்னை மாகாணம், 1948-இல். வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்பட்டு ஊர்தோறும் கிளை நூலகங்கள் வந்தன. அந்தப் புத்தகங்களின் ஓரத்தில் வாசகர்கள் எழுதினார்கள். எழுதக் கூடாது என்பது விதி. நானே மாணவரைக் கண்டித்திருக்கிறேன். ஆனால் இன்று யோசித்தால், சுருக்கப்படாமலும் திருத்தப்படாமலும் கிடைக்கும் வாசகர் கருத்து அது ஒன்றுதான்.

எங்கள் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றில் சுஜாதாவின் சிறுகதைத் தொகுதி ஒன்றைப் பலமுறை எடுத்திருக்கிறேன். ஒரு கதையின் முடிவில் நீல மையில் "முடிவு புரியவில்லை" என்று இருந்தது. அதன் கீழே வேறொரு கையெழுத்தில் "மறுபடி படி". அதற்கும் கீழே பென்சிலில் "படித்தேன். நன்றி". மூன்று பேரும் சந்தித்திருக்க வாய்ப்பில்லை. இன்னொரு பக்கத்தில் ஒருவர் ஆங்கிலச் சொற்களையெல்லாம் அடிக்கோடிட்டு எண்ணிக்கையை எழுதி, "இது தமிழ்க் கதையா?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி நியாயமானது. கலப்பு நடைக்காக அவரைக் குறை சொன்னவர்களில் தமிழாசிரியர்கள் மிகுதி. என் ஓய்வறை நண்பர்களும் அதில் அடக்கம். ஆனால் 'சில்லு' போன்ற எளிய சொல்லை மின்னணுவியலுக்குப் பழக்கியதில் அவருக்கும் பங்குண்டு என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

திறனாய்வும் பிற்கால வாசகரும்

இலக்கிய வட்டத்தில் சொல்லப்பட்ட முக்கியக் குறை, இக்கதைகள் மேலைநாட்டு மாதிரிகளின் சாயலில் உள்ளன என்பது. இதற்கு எதிர்த்திசையில் போனது ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு. சித்த மருத்துவம், ரசவாதம் போன்ற நம் மரபறிவிலிருந்து கதைக்கருவை எடுத்தது. அதைப் படித்த சிலர் "இதுவல்லவா நம் மண்ணின் அறிவியல் கதை" என்றனர். வேறு சிலர், இதில் அறிவியலைவிடத் தத்துவம் மிகுதி என்றனர். இரண்டு தொகுப்புகளையும் அடுத்தடுத்துப் படிக்கும்படி மாணவர்களுக்குச் சொல்வேன். ஒன்றின் குறை மற்றதைப் படிக்கும்போதுதான் தெரியும்.

சாயல் என்ற குற்றச்சாட்டை நான் முழுமையாக ஏற்கவில்லை. 'திமலா' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்காலத் தம்பதி ஒருவர் தரிசனத்துக்குப் புறப்படுகிறார்கள். எல்லாம் இயந்திரமயம். ஊரின் பெயரே தேய்ந்துபோயிருக்கிறது. அது திருமலை என்று உணரும் இடத்தில் வாசகருக்கு வரும் திடுக்கிடல், நம் வழிபாட்டையும் நம் நெரிசலையும் அறியாதவருக்கு வராது. இதை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது ஒரு பையன், "எதிர்காலத்திலயும் கியூ இருக்குமா சார்?" என்றான். நல்ல கருத்து என்று கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

2010-இல் 'எந்திரன்' வந்தபிறகு, அதன் வசனத்தில் சுஜாதாவின் பங்கை அறிந்து கதைகளுக்கு வந்த இளைஞர்கள் உண்டு. இவர்களின் கருத்து முந்தையவர்களுடையதிலிருந்து வேறுபட்டது. எங்களுக்கு வியப்பாக இருந்தவை அவர்களுக்குக் கைப்பேசியில் இருக்கின்றன. ஆகவே "கருவி பழசு, வேகம் புதுசு" என்கிறார்கள். பெண் பாத்திரங்களை அவர் வருணிக்கும் விதத்தைப் பெண் வாசகர்கள் இப்போது வெளிப்படையாகக் கேள்வி கேட்கிறார்கள். அன்றும் கேட்டிருப்பார்கள், இரண்டு வரிக் கடிதத்தில் இடம் கிடைத்திருக்காது. 'என் இனிய இயந்திரா' நிகழ்வதாகச் சொல்லப்பட்ட 2020-களின் தொடக்கமும் வந்து போய்விட்டது. நாம் அப்போது முகக்கவசத்தோடு வீட்டில் இருந்தோம்.

எங்கள் பகுதி வாசகர்களுக்கு இன்னொரு ஏக்கம் உண்டு. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. மக்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஓடியது. அதற்கடுத்த வாரம் என் பழைய மாணவர் ஒருவர், இப்போது இரண்டு பிள்ளைகளின் தந்தை, வீட்டுக்கு வந்தார். "சார், சுஜாதா கதையில கூட இப்படி ஒரு ராத்திரி நான் படிச்சதில்ல. யாராவது எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார். நான் படித்தவரையில் இல்லை என்றேன். நீயே எழுது என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார், இரண்டு பக்கம் காட்டினார். அதில் குழாயைப் பராமரிக்கும் ஆள் ஒருவர் முதல் வரியிலேயே வருகிறார்.