ஒரு காட்டை வளர்த்த குழிகள்

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, ஆப்பிரிக்காவின் குறுக்கே நீளும் வறண்ட நிலப்பகுதிக்கு சகேல் என்று பெயர். 1970களிலும் 1980களிலும் இங்கு கடும் வறட்சி வந்தது. புர்கினா ஃபாசோ நாட்டின் வடக்கில் உள்ள யாத்தெங்கா பகுதியில் பலர் ஊரை விட்டே வெளியேறினர். எல்லோரும் கிளம்பிய அந்தக் காலத்தில், சந்தை வியாபாரத்தை விட்டுவிட்டு கூர்கா என்ற கிராமத்தில் விவசாயம் செய்ய வந்தவர்தான் யாக்குபா சவாடோகோ.

அங்கே மழை குறைவு. அதைவிடப் பெரிய பிரச்சினை, பெய்கிற மழையும் வெயிலில் இறுகிய மண்ணுக்குள் இறங்காமல் வழிந்து ஓடியதுதான். இதற்கு அப்பகுதி மக்களிடம் 'ஸாய்' என்ற பழைய முறை ஒன்று இருந்தது. நிலத்தில் சிறு சிறு குழிகளை வெட்டி, அதில் மழைநீரைத் தேக்குவார்கள். சவாடோகோ அந்தக் குழிகளை இன்னும் அகலமாகவும் ஆழமாகவும் வெட்டினார். ஒவ்வொரு குழியிலும் எருவைப் போட்டார். ஓடும் நீரின் வேகம் குறைய, நிலத்தின் குறுக்கே கற்களை வரிசையாக அடுக்கினார்.

எருவைத் தின்னக் கரையான்கள் வந்தன. கரையான் என்றதும் பயப்பட வேண்டாம்! அவை மண்ணைக் குடைந்து போட்ட வழிகளில்தான் மழைநீர் ஆழத்துக்கு இறங்கியது. இறுகிய மண்ணும் மெல்ல இளகி வளமானது.

குழிகளில் சோளமும் கம்பும் விளைந்தன. கூடவே, எருவில் கலந்திருந்த மர விதைகளும் முளைத்தன. சவாடோகோ அவற்றைப் பிடுங்கவில்லை. பயிருக்குத் தேங்கிய நீரே கன்றுகளுக்கும் போதுமானதாக இருந்தது. பிறகு அவரே விதைகளைத் தேடிச் சேர்த்து நட்டார். வெற்று நிலம் 20 ஹெக்டேருக்கும் அதிகமான காடானது.

ஆனால் இது எளிதாக நடக்கவில்லை. மழைக்காலம் வருமுன்பே, வறண்ட நிலத்தில் குழி வெட்டியவரை ஊரார் பைத்தியம் என்றார்கள். அவருடைய மரங்களுக்குத் தீயும் வைத்தார்கள். அவர் மீண்டும் நட்டார். பின்னர் ஆண்டுக்கு இருமுறை தன் நிலத்தில் விவசாயிகளைக் கூட்டி, விதைகளையும் அனுபவத்தையும் பகிர்ந்துகொண்டார். 1989ஆம் ஆண்டு பக்கத்து நாடான நைஜரிலிருந்து யாத்தெங்காவுக்கு வந்த விவசாயிகள் இந்த முறையைத் தங்கள் ஊருக்கும் கொண்டுபோனார்கள்.

காட்டுக்கு அடுத்த ஆபத்து வறட்சியால் வரவில்லை. அருகிலுள்ள வாகிகூயா நகரம் விரிவடைந்தபோது அந்த நிலமும் அளக்கப்பட்டு வீட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்டது. காட்டை வளர்த்தவரின் குடும்பத்துக்குச் சில மனைகள் மட்டுமே என்ற நிலை வந்தது. நிலம் பாழாகக் கிடந்தவரை யாரும் அதைக் கேட்கவில்லை!

'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது 2018இல் அவருக்குக் கிடைத்தது. 2020இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டமும் அவரைக் கௌரவித்தது. சவாடோகோ 2023 டிசம்பரில் காலமானார். விருதுகள் அவர் பெயரை உலகுக்குச் சொல்லின. ஆனால் மரம் வளர்ப்பவருக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டா என்பதை அரசாங்கங்கள்தான் சொல்ல வேண்டும்.