கல்லில் ஏறிய அளவும் ஏட்டில் ஏறாத இராச்சாப்பாடும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. இருந்தும், தமிழில் சமையல் எழுத்தில் ஏறியதற்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அச்சுப் புத்தகங்களிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அரிசி, நெய், பயறு, மிளகு ஆகியவற்றின் அளவுகள் கோயில் மதில்களில் வெட்டப்பட்டுவிட்டன. அவ்வகைச் சான்றுகள் மிகச் செழிப்பாகக் கிடைக்கும் இடங்களுள் ஒன்று திருமலை.

திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றில் மிகப் பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி தேவஸ்தான நிர்வாகம் உருவான காலத்தையொட்டி, சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலானோரின் உழைப்பால் இவை தொகுதிகளாக அச்சேறின. சாளுவ நரசிம்மர், கிருஷ்ணதேவராயர், அச்சுதராயர் காலத்துச் சாசனங்களைப் புரட்டினால், அரசியல் செய்தியைவிட உணவுச் செய்தியே மிகுதி என்பது புலப்படும். கொடையாளி பணம் செலுத்துகிறார். அப்பணம் கோயில் ஊர்களின் ஏரி, கால்வாய்ப் பணிகளில் இடப்படுகிறது. அதனால் பெருகும் விளைச்சலிலிருந்து இன்ன நாளில் இன்ன அமுதுபடி செய்யப்படும் என்று ஸ்தானத்தார் எழுதிக் கொடுக்கின்றனர். கோயிலின் இந்தப் பொருளாதார இயக்கத்தை வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார்.

சாசனங்களில் வரும் பட்டியலின் நடை ஏறக்குறைய மாறாதது. திருப்போனகத்துக்கு அரிசி இவ்வளவு. அதற்கு நெய்யமுது, பயற்றமுது, உப்பமுது, மிளகமுது, கறியமுது, தயிரமுது. சிறப்பு நாள்களுக்கு அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, தோசைப்படி, சுகியன்படி, மனோகரப்படி. அளக்கும் கருவிக்கும் பெயர் உண்டு: ‘மலைகுனிய நின்றான்’ மரக்கால். ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்ட காலத்தில், எந்த மரக்காலால் அளப்பது என்பதைக் குறிப்பிடாத கணக்கு கணக்காகாது.

இத்தனை நுணுக்கமாக எழுதக் காரணம் நம்பிக்கையும் ஐயமும் ஒருங்கே இருந்தமைதான். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடையாளிக்கு உரியது. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். சந்திராதித்தவரை, அதாவது நிலவும் கதிரும் உள்ளவரை, தன் வழியினர்க்கு அப்பங்கு வரவேண்டுமென்றால் நெய் ஓர் ஆழாக்குக்கூடக் குறையக்கூடாது. ஆகவே கல்லில் உள்ளது சமையற்குறிப்பின் உருவில் அமைந்த ஓர் ஒப்பந்தம். இன்றும் திருமலை மடைப்பள்ளியில் பண்டங்களுக்கான பொருளளவைத் ‘திட்டம்’ என்றே வழங்குகின்றனர்.

ஆனால் அந்தக் கல்லை வைத்துக்கொண்டு எவரும் சமைத்துவிட முடியாது. அதில் அளவு உண்டு, பக்குவம் இல்லை. பயற்றை வறுப்பதா, அரைப்பதா, அதிரசப் பாகு எந்தப் பதத்தில் இறங்கவேண்டும் என்பவை சமைப்பவரின் கையில் நின்றன. அப்பட்டியல்களில் மிளகாய், நிலக்கடலை, தக்காளி ஆகியவற்றுக்கும் இடமில்லை. அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களான அவை போர்த்துக்கீசியரின் கடல்வழி திறந்த பின்னரே இம்மண்ணுக்கு வந்தவை. பின்னாளில் பழைய சித்தூர் மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் நிலக்கடலை நிறைந்தது. மதனப்பள்ளி தக்காளிச் சந்தைக்குப் பெயர்பெற்றது.

அளவையும் பக்குவத்தையும் ஒருங்கே எழுதியவை அச்சுக் காலத்து நூல்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ‘பாகசாஸ்திரம்’ என்னும் பெயரில் தமிழ் நூல்கள் வெளிவந்தன. எனினும் வீட்டுப் பெண்கள் கையில் நிலைத்த நூல் எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’. இளமையிலேயே கணவரை இழந்த அவர், திருமணமாகித் தொலைவிலிருந்த உறவுப் பெண்கள் கடிதம் எழுதிக் கேட்கக் கேட்கக் குறிப்புகளை எழுதி அனுப்பியவர். அவற்றை நூலாக்குமாறு ஊக்கியவர் உறவினரான கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர்.

இந்நூல் தோன்றிய சூழலும் கவனத்துக்குரியது. கூட்டுக் குடும்பத்தில் மாமியாரும் நாத்தனாரும் சூழ்ந்திருந்தவரை புத்தகம் தேவைப்படவில்லை, பார்த்தே பழகலாம். கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டு டில்லிக்கும் பம்பாய்க்கும் பெயர்ந்த பெண்ணுக்கு, மாலையில் அடுப்பை மூட்டியபின் கேட்பதற்கு ஆளில்லை. அன்றிரவு ஒரு ரசமும் ஒரு துவையலும் தவறாமல் அமைய வேண்டும் என்பதே அவள் கவலை. அந்தத் தனிமைக்கு எழுதப்பட்ட மறுமொழி இந்நூல். திருமணச் சீரோடு இதையும் வைத்துக் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டதில் வியப்பில்லை.

இங்கே ஒரு தொடர்ச்சியும் தென்படுகிறது. மீனாட்சி அம்மாள் அளந்தது ஆழாக்கால். எட்டு ஆழாக்கு ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால். திருமலை மதிலின் அளவை முறை, அறுபத்து நாலில் ஒன்றாகச் சுருங்கி, நான்கு பேர் உண்ணும் வீட்டு அடுப்புக்கு வந்து சேர்ந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவைகள் நடைமுறைக்கு வந்தபின், அடுத்த தலைமுறைக்கு ஆழாக்கையே விளக்கிச் சொல்லவேண்டியதாயிற்று.

இந்நூலுக்கும் எல்லை உண்டு. அதன் சமையல் பிராமணக் குடும்பங்களின் சைவச் சமையல். கல்வெட்டு இறைவனின் உணவைப் பதிந்தது. நூல் படித்த நடுத்தர வீட்டின் உணவைப் பதிந்தது. அதே சித்தூர்ச் சீமையில் காட்டு வேலை முடிந்து பொழுது சாய வீடு திரும்பிய பெண் என்ன சமைத்தாள் என்பதை இரண்டும் பதியவில்லை.

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைக்கோடு இத்தனை முறை நகர்ந்தும் அடுப்பு ஒன்றாகவே இருந்தது. தமிழர் களி என்றதைத் தெலுங்கர் சங்கடி என்றனர்.

பலமனேர், புங்கனூர் மேட்டுநிலங்களின் இராச்சாப்பாடு அது. ஒரே பானையில் நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, கேழ்வரகு மாவை நடுவில் குவித்து மூடி, ஆவியில் வெந்தபின் துடுப்பால் கட்டி விழாமல் கிளறி, ஈரக்கையால் உருண்டை பிடிக்க வேண்டும். தொட்டுக்கொள்ள நிலக்கடலைச் சட்டினி, கடைந்த கீரை, கொள்ளுச் சாறு, வாய்ப்பிருந்தால் கோழிக் குழம்பு. அரைமணி நேரம், ஒரு பானை, ஒரு துடுப்பு. விரைவான எளிய குடும்ப உணவு என்று இன்று எதைத் தேடுகிறார்களோ அது அங்கே பல தலைமுறைகளாக நடந்துவந்தது.

அது எழுதப்படாமைக்குக் காரணம் எளிமை மட்டுமன்று. சமைத்தவர்களுக்கு எழுத்து எட்டவில்லை. எழுதத் தெரிந்தவர்களுக்கு அந்த உணவு பொருட்டாகவில்லை. 1983இல் ஆந்திரத்தில் கிலோ இரண்டு ரூபாய் அரிசித் திட்டம் வந்தபின் ஏழை வீட்டிலும் இரவில் அரிசிச் சோறு எளிதாயிற்று. பசி குறைந்தது பெரும் நன்மை, அதை மறுப்பதற்கில்லை. கூடவே கேழ்வரகு பின்வாங்கியது, துடுப்புப் பிடித்த கைகளும் குறைந்தன.

ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் சங்கடிக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. உணவகப் பட்டியல்களில் ‘ராயலசீமை ஸ்பெஷல்’ என்று அது இடம்பெறுகிறது. அங்கே அது விருந்து. அன்றாட இரவில் எந்த மாவுக்கு எவ்வளவு நீர், எவ்வளவு நொய், எந்தக் கீரை என்ற அறிவு இன்னும் முதிய பெண்களின் நினைவில்தான் இருக்கிறது. கோயிலின் நெய்க்கணக்கை ஐந்நூறு ஆண்டுகள் காத்துக் கொடுக்கக் கல் இருந்தது. இந்தப் பெண்களின் கணக்குக்கு அத்தகைய காப்பு ஏதுமில்லை. அவர்கள் இருக்கும்போதே, அவர்கள் சொல்லும் அளவிலும் சொல்லிலும் அதைப் பதிவுசெய்து, ஒருமுறையேனும் சமைத்துப் பார்ப்பது இத்தலைமுறை ஆய்வாளர்களின் கடமை.