எல்லை தாண்டிய ஆறும் ஆளில்லாத சபையும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வழியாகப் புல்மோட்டைக்குப் போகும் கரையோர வீதியில் இருக்கிறது இறக்கக்கண்டி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. இங்கிருந்து வடக்கே போனால் யான் ஓயா கடலில் விழுகிறது. தெற்கே துறைமுகத்தைத் தாண்டினால் கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து சேர்கிறது. இரண்டு ஆறுகளும் வேறு மாகாணங்களில் பிறந்து இந்த மாவட்டத்தில் முடிபவை. 1987-க்குப் பிறகு இங்கே தண்ணீர் யாருடைய அதிகாரத்தில் இருக்கும் என்பதை அந்தப் பிறப்பிடம்தான் தீர்மானித்தது.

அந்த ஆண்டு ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பரில் அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் நிறைவேறி, மாகாண சபைகள் உருவாயின. நீர்ப்பாசனத்தைத் திட்டமிடுவது, கட்டுவது, பராமரிப்பது எல்லாம் மாகாண சபை நிரலில் எழுதப்பட்டன. ஆனால் அதே வரியிலேயே ஒரு விலக்கும் இருந்தது: ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களில் ஓடும் ஆறுகளின் திட்டங்கள் மாகாணத்துக்கு இல்லை. அத்தகைய ஆற்று நீரில் அரசு தொடங்கும் திட்டங்களின் நிர்வாகம் கொழும்பிடம் இருக்கும். அத்திட்டங்களில் காணி பகிரும்போது தேசிய இன விகிதாசாரம் பார்க்கப்படும் என்றும் திருத்தத்தின் காணி பற்றிய இணைப்பு சொன்னது. கல்லோயா, கந்தளாய், அல்லை என்று குடியேற்றத் திட்டங்களைக் கண்டுவிட்ட கிழக்கில் தண்ணீர்ப் பேச்சு காணிப் பேச்சாக மாறுவதற்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

மகாவலியின் நீளம் 335 கிலோமீட்டர். மலைநாட்டில் தொடங்கி, ஊவாவைத் தொட்டு, வடமத்திய மாகாணத்தைக் கடந்துதான் கிழக்குக்கு வருகிறது. 1979-இன் 23-ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மகாவலி அதிகார சபை முழுக்க மத்திய அரசின் நிறுவனம். யான் ஓயாவின் கதையும் வேறல்ல. ஹொரவ்பொத்தானைப் பக்கம் நீர்த்தேக்கம் கட்டியது மத்திய அரசுதான். ஆக, பெரிய ஆறுகள் போக மாகாணத்தின் கையில் மிஞ்சியவை சிறு குளங்கள்.

அவையாவது முழுமையாக மிஞ்சினவா? சிறிய நீர்ப்பாசன வேலைகளின் புனரமைப்பும் பராமரிப்பும் மாகாண நிரலில் தெளிவாக உள்ளன. ஆனாலும் 2000-ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம், அந்தக் குளங்கள் மீதான அதிகாரத்தை மத்தியின் கமநலத் திணைக்களத்துக்குக் கொடுத்தது. உடைந்த துருசைத் திருத்த யாரிடம் போவது என்று ஒரு விவசாயி இரண்டு அலுவலகங்களுக்கு அலைய நேர்ந்தால், அந்த அலைச்சலின் வேர் இங்கே இருக்கிறது. இது கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்ட செயல். வேறு சொல்லில் சொல்ல முடியாது.

இந்தியாவிலும் இந்த இழுபறி உண்டு. அங்கே தண்ணீர் மாநிலப் பட்டியலில்; மாநிலங்களுக்கு இடையிலான ஆறுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஒன்றியத்திடம். ஆனால் வழக்காட ஓர் இடம் இருந்தது. 1956-இன் நதிநீர்ப் பிணக்குச் சட்டப்படி 1990-இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று எண்ணிச் சொன்னது. குறைவுதான், ஆனாலும் கேட்டு வாங்க ஒரு கணக்கு இருக்கிறது. மகாவலியில் கிழக்கின் பங்கு இவ்வளவு என்று சொல்லும் அப்படியொரு மன்றத் தீர்ப்பு இலங்கையில் கிடையாது.

மாகாணங்களுக்குச் சாதகமான ஒரு தீர்ப்பு 2003-இல் வந்தது. நீர்ச் சேவைகள் மறுசீரமைப்புச் சட்டமூலத்தை அரசு கொண்டுவந்தபோது அதை எதிர்த்துச் சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள். விடயம் மாகாண நிரலுக்குள் வருகிறது, ஆகவே 154எ உறுப்புரையின்படி முதலில் மாகாண சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. ஆனால் திருகோணமலையில் கருத்துச் சொல்ல வேண்டிய சபை எங்கே? வடக்கு-கிழக்கு மாகாண சபை 1990-இலேயே கலைக்கப்பட்டிருந்தது.

அந்த வெற்றிடத்தில்தான் 2006 ஜூலை வந்தது. மாவிலாற்றின் துருசை விடுதலைப் புலிகள் மூடினர். சேருவில, கல்லாறுப் பக்க வயல்களுக்கு நீர் நின்றது. அரசு விமானத் தாக்குதலோடு பதில் சொன்னது. ஆகஸ்ட்டில் துருசு திறந்தது, ஆனால் அதற்குள் சண்டை மூதூருக்குப் பரவி, பல்லாயிரம் பேர் ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள். வயல்காரருக்காக இரு தரப்போடும் பேச, மக்கள் தேர்ந்தெடுத்த மாகாண சபை ஒன்று அப்போது இல்லை.

வடக்கும் கிழக்கும் பிரிக்கப்பட்ட பின், கிழக்குக்கு 2008-இல் தனிச் சபை கிடைத்தது. அதன் இரண்டாவது சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரே நிர்வாகம் நடத்துகிறார். ஆனால் சபைக்குப் பதிலாக அவர் பேச முடியாது: 2012-இல் வாழ்வாதார அபிவிருத்திக்கான திவிநெகும சட்டமூலத்துக்கு, சபையில்லாத வட மாகாணத்தின் சார்பில் ஆளுநர் தந்த சம்மதத்தை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே நாளை இன்னொரு தண்ணீர்ச் சட்டமூலம் வந்தாலும் கிழக்கின் சார்பில் பதில் எழுத ஆள் கிடையாது.