மெலிய நினைத்தவர்களின் மூச்சு

நுரையீரல் தமனியில் மட்டும் ரத்த அழுத்தம் எகிறும் நோய் மிக அபூர்வமானது. ஆனால் 1967 வாக்கில், சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக மருத்துவமனையில் அந்த நோயாளிகள் பத்து மடங்குக்கும் மேல் பெருகியிருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. சிலர் மயங்கி விழுந்தார்கள். இதய மருத்துவர் ஹான்ஸ் பீட்டர் குர்ட்னரும் சகாக்களும் விசாரித்தபோது, பலரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: உடம்பு இளைக்க மாத்திரை சாப்பிட்டோம்.

அந்த மாத்திரை அமினோரெக்ஸ். ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்தை ஒத்த அமைப்புடையது, பசியை அடக்கும். 1965 நவம்பரில் 'மெனோசில்' என்ற பெயரில் சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்து, ஆஸ்திரியாவிலும் மேற்கு ஜெர்மனியிலும் பரவியது.

வயிற்றுக்குள் போன மாத்திரை நுரையீரலைத் தாக்கியது எப்படி? நுரையீரலின் நுண்ணிய தமனிகளில் சுவர் தடித்து, ரத்தம் போகும் வழி குறுகியது. அந்த இடுக்கில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளியே இதயத்தின் வலப்பாகம் வீங்கித் தளர்ந்தது. மாத்திரையை நிறுத்திய பிறகும் பலர் இறந்தார்கள்.

1968-இல் மருந்து திரும்பப் பெறப்பட்டது. சில ஆண்டுகளில் நோயாளிகளின் எண்ணிக்கையும் இறங்கியது. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இந்த நோய் வரவேயில்லை. ஆகவே இது ஆய்வுக்கூடம் கண்டுபிடித்த உண்மையல்ல. நோயாளியிடம் உட்கார்ந்து கேட்ட மருத்துவர்கள் கண்டுபிடித்தது. 1973-இல் உலக சுகாதார நிறுவனம் ஜெனீவாவில் இந்த நோய்க்கென்றே நிபுணர்களைக் கூட்டியதற்குக் காரணமும் இந்த மாத்திரை கிளப்பிய நோய்ப் பரவல்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் அதே தவறு தொடர்ந்தது என்பதுதான் பொறுக்க முடியாதது. ஆம்ஃபெட்டமின் வழிவந்த ஃபென்ஃப்ளூரமின் வகை மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் ஆபத்து இருபது மடங்குக்கும் மேல் என்று 1996-இல் ஓர் ஆய்வு காட்டியது. இதய வால்வுகளையும் அவை கெடுப்பது தெரிந்து, 1997-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. அவற்றின் நெருங்கிய உறவான 'மீடியாட்டர்' பிரான்ஸில் 2009 வரை விற்றது. பிரெஸ்ட் நகர நுரையீரல் மருத்துவர் இரேன் ஃப்ராஷோன் போராடித்தான் அது நின்றது. தயாரித்த நிறுவனத்தைப் பாரிஸ் நீதிமன்றம் 2021-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது.

மெத்தாம்ஃபெட்டமின் போதைக்கு அடிமையானவர்களிடம் மருத்துவர்கள் இன்றும் இதே நோயைப் பார்க்கிறார்கள். மூச்சு வாங்குகிறதென்று மருத்துவரிடம் போகிறவர்கள், எப்போதோ உடம்பு இளைக்கச் சாப்பிட்டு நிறுத்திய மாத்திரையைப் பற்றியும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.