கெஹாமாவின் சாபம்

கெஹாமாவின் சாபம், ஆங்கிலப் புனைவியல் கவிஞர் இராபர்ட் சதே (1774–1843) இந்துத் தொன்மங்களைத் தழுவி இயற்றி 1810இல் வெளியிட்ட, 24 பகுதிகள் கொண்ட கதைக் கவிதையாகும். இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்தைக் தொன்மங்களில் வரும் அசுர மன்னன் மாவலியின், கடலில் மூழ்கிய நகராகச் சித்திரிக்கும் 15ஆம் பகுதி, படைப்பை அது தோன்றிய காலச் சூழலோடு பொருத்தி ஆராயும் வரலாற்றுமுறைத் திறனாய்வுக்குத் தக்க சான்றாகும். 1772, 1776 ஆகிய ஆண்டுகளில் அவ்வூரைக் கண்ட வில்லியம் சேம்பர்ஸ், கல்கத்தா ஆசியக் கழகத்தின் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் (1788) வெளியிட்ட கட்டுரையில், செம்பு வேய்ந்த கோயில் உச்சிகள் கடலினின்று எழுந்து காலைக் கதிரில் ஒளிர்ந்ததாக உள்ளூர் முதியோர் கூறியதைப் பதிவுசெய்தார். இந்தியாவுக்கு வந்திராத சதேக்கு அதுவே மூலமாயிற்று. அவ்வூரிலுள்ள பல்லவர் கல்வெட்டுகளை ஐரோப்பிய ஆய்வாளர் அப்போது படித்தறியாமையால், வாய்மொழிக் கதையே வரலாற்றின் இடத்தைப் பெற்றது. முன்னுரையில் சதே இந்து சமயத்தைப் பழித்துரைத்தமை, இந்தியாவில் மதப்பரப்பாளர் செயல்பட வழிவிட்ட 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்துக்கு முன் பிரிட்டனில் நிலவிய கிறித்தவ மதப்பரப்பு விவாதத்தின் பின்னணியில் விளங்கிக்கொள்ளத்தக்கது. கீழையியல், அதாவது ஐரோப்பியர் கிழக்கு நாடுகளைப் பற்றி உருவாக்கிய அறிவுமரபு, குறித்து எட்வர்ட் சயித் 1978இல் வெளியிட்ட நூலுக்குப் பின், இக்கவிதை குடியேற்ற ஆட்சிச் சூழலில் வைத்தும் ஆராயப்படுகிறது.